பிறக்கும் முன்பே ஓர் இல்லம்

விருந்தினரை அழைத்துவிட்டு, அவர் வரும் வேளையில் வாசற்கதவைச் சாத்திக்கொள்பவனை எந்தச் சமுதாயமும் மதிப்பதில்லை. தானாக வந்த விருந்தினரை வரவேற்பது பண்பு. தானே அழைத்த விருந்தினரை வரவேற்பது கடமை. மனிதர்கள் விஷயத்தில் இந்த வேறுபாடு எல்லோருக்கும் எளிதில் விளங்குகிறது. மனிதன் அழைத்ததால் மட்டுமே இவ்வுலகிற்கு வருகின்ற வேறு சில உயிர்கள் விஷயத்தில் அது மறந்துபோகிறது.

வீட்டில் வளரும் நாய்க்கு அதன் உரிமையாளர் இணை தேடித் தருகிறார். இரண்டு மாதங்களில் ஆறேழு குட்டிகள் பிறக்கின்றன. அவை தற்செயலாகப் பிறந்தவை அல்ல. ஒரு மனிதரின் தீர்மானத்தால் பிறந்தவை. அந்தத் தீர்மானத்தை எடுத்தவர் அக்குட்டிகளுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? அந்தக் கடன் எப்போது தொடங்குகிறது? குட்டியை இன்னொருவரிடம் கொடுத்ததும் அது தீர்ந்துவிடுகிறதா?

பார்வைக்கு இது சிறிய கேள்வி. ஆனால் தர்மத்தின் நுட்பங்கள் பெரும்பாலும் இத்தகைய சிறிய இடங்களில்தான் சோதிக்கப்படுகின்றன. எதிர்த்துக் கேட்க முடியாத, வழக்காட முடியாத ஓர் உயிரிடம் மனிதன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதில் அவனுடைய அறம் வெளிப்படுகிறது.

வீட்டின் அருமை அறிந்த ஊர்

கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள டாலிகஞ்ச், இக்கேள்வியைச் சிந்திப்பதற்கு ஏற்ற இடம். கங்கையின் பழைய போக்கான ஆதி கங்கையை 1770-களில் தூர்வாரிக் கால்வாயாக்கிய வில்லியம் டாலி என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் இப்பகுதி அழைக்கப்படுகிறது. 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மைந்தர்கள் கொல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு இப்பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். 1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது கிழக்கு வங்காளத்தில் வீடுவாசலை இழந்து வந்தவர்கள், டாலிகஞ்சிலும் அதை அடுத்த இடங்களிலும் பிஜய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர் முதலிய குடியிருப்புகளைத் தாங்களே உருவாக்கிக்கொண்டனர். சற்று வடக்கே லேக் மார்க்கெட் பகுதியில், பிழைப்புக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவருகின்றன. தலைக்கு மேல் ஒரு கூரை, இது தன் இடம் என்ற நிம்மதி ஆகியவற்றின் அருமையை இந்த ஊர் நன்கு அறியும்.

இன்று டாலிகஞ்சில் பழைய வீடுகள் பல மறைந்து, அவற்றின் இடத்தில் அடுக்ககங்கள் எழுந்துள்ளன. தோட்டமும் மொட்டை மாடியும் சுருங்கிவிட்டபோதிலும் நாய்களின் மீதுள்ள பிரியம் சுருங்கவில்லை. விலங்குகளிடம் இரக்கம் காட்டுவதில் கொல்கத்தாவுக்கு நீண்ட பாரம்பரியமும் உண்டு. இந்தியாவின் முதல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 1861-இல் இந்நகரில்தான், கோல்ஸ்வொர்தி கிரான்ட் என்பவரின் முயற்சியால் தோன்றியது. ஆனால் இதே நகரின் வடபகுதியில், பாக்பஜாருக்கு அருகே கேலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில், பறவைகளோடும் மீன்களோடும் செடிகளோடும் நாய்க்குட்டிகளும் நெடுங்காலமாக விற்கப்பட்டு வந்திருக்கின்றன. அன்பு நிறைந்த ஒரு வீட்டில் பிறந்த குட்டி அத்தகைய சந்தைக்குப் போய்ச் சேர நெடுநாள் ஆவதில்லை. எவருடைய தீய எண்ணமும் இல்லாமலேயே அது நிகழ்ந்துவிடுகிறது.

நல்லவர்கள் செய்யும் தவறு

அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்பது நல்லது. அடுக்ககம் ஒன்றில் வாழும் ஒரு குடும்பம் லாப்ரடார் இனப் பெண் நாய் ஒன்றைச் சொந்தப் பிள்ளை போல் வளர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'ஒரு முறையாவது அவள் தாயாக வேண்டும்' என்று வீட்டில் உள்ளவர்கள் ஆசைப்படுகிறார்கள். உறவினர்களும் நண்பர்களும், 'எங்களுக்கு ஒரு குட்டி கட்டாயம் வேண்டும்' என்கிறார்கள். அந்தச் சொற்களை நம்பி நாய்க்கு இணை சேர்க்கப்படுகிறது. ஏறத்தாழ 63 நாட்களில் எட்டுக் குட்டிகள் பிறக்கின்றன.

முதல் இரண்டு வாரங்கள் வீடு முழுவதும் மகிழ்ச்சி. குட்டிகளுக்குக் கண்கூடத் திறக்காத பருவம் அது. தாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. நான்காம் வாரத்தில் குட்டிகள் ஓடத் தொடங்குகின்றன. தாய்ப்பால் போதாமல் தனி உணவு தேவைப்படுகிறது. ஆறாம் வாரத்தில் எட்டுக் குட்டிகளுக்கும் தடுப்பூசி, குடற்புழு நீக்க மருந்து, நாளெல்லாம் துப்புரவு. அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கிறார்கள். இப்போதுதான் தொலைபேசிகள் பேசத் தொடங்குகின்றன. வாக்களித்தவர்களில் ஒருவருக்கு வேலை மாற்றலாகிவிட்டது. ஒருவருடைய வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை. இன்னொருவர் ஆண் குட்டிதான் வேண்டும் என்கிறார். எட்டுப் பேரில் மூவரே எஞ்சுகின்றனர்.

பத்தாம் வாரத்தில் அக்குடும்பத்தின் கேள்வி மாறிவிடுகிறது. 'இக்குட்டிக்கு ஏற்ற வீடு எது?' என்று கேட்டவர்கள், 'யாராவது எடுத்துக்கொண்டால் போதும்' என்று சொல்லத் தொடங்குகிறார்கள். அப்போது ஒரு தரகர் வருகிறார். மீதமுள்ள ஐந்தையும் ஒன்றாக எடுத்துச் செல்கிறார். அவை எங்கே போயின என்று அதன் பிறகு எவருக்கும் தெரியாது. கூண்டில் அடைபட்டிருக்கும் குட்டியைப் பார்வோ வைரஸ் தாக்கினால் சில நாட்களிலேயே அது இறந்துவிடலாம். பிழைத்ததை வாங்கியவர் பெரிதாக வளர்ந்ததும் அலுத்துப்போய்த் தெருவில் விட்டுவிடலாம்.

இந்தக் கதையில் கொடியவர் என்று எவரும் இல்லை. குட்டிகளை ஈனச் செய்தவர்களும் அன்புள்ளவர்களே. அவர்களிடம் குறைந்திருந்தது காலத்தைப் பற்றிய தெளிவு மட்டுமே. பிறப்புக்குப் பின் கேட்க வேண்டிய கேள்வி என்று எதை அவர்கள் எண்ணினார்களோ, அது இணை சேர்ப்பதற்கு முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி. ஏனெனில், குட்டிகள் பிறந்த பின் காலம் உரிமையாளரின் கையில் இருப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் நெருக்கடி கூடுகிறது. நெருக்கடி கூடும்போது மனிதனின் தராதரம் பார்க்கும் ஆற்றல் குறைகிறது. நெருக்கடிக்கு முன் எடுக்கும் முடிவே விவேகத்தின் முடிவு. திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியதன் பொருத்தம் இங்கே புலப்படுகிறது.

இதிகாசம் எழுப்பும் கேள்வி

மகாபாரதத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நாய் இடம் பெறுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

ஆதி பர்வத்தில், ஜனமேஜயன் தன் சகோதரர்களோடு குருக்ஷேத்திரத்தில் நீண்ட வேள்வி ஒன்றை நடத்துகிறான். அங்கே ஒரு நாய்க்குட்டி வருகிறது. அது தேவர்களின் நாயான சரமையின் குட்டி. ஜனமேஜயனின் சகோதரர்கள் அதை அடித்துத் துரத்துகிறார்கள். குட்டி அழுதுகொண்டே தாயிடம் செல்கிறது. நீ ஏதேனும் தவறு செய்திருப்பாய் என்று தாய் கேட்க, தான் வேள்விப் பொருளை நக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை என்று குட்டி சொல்கிறது. சரமை வேள்விச் சாலைக்கே வந்து, குற்றமற்ற தன் குட்டியை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். அரச குலத்தினர் பதில் சொல்லவில்லை. எதிர்பாராத அச்சம் உன்னை வந்தடையும் என்று ஜனமேஜயனைச் சரமை சபிக்கிறாள். பெரும் வேள்வி செய்துகொண்டிருந்த மன்னன் கலங்கிப்போகிறான்.

இதிகாசத்தின் முடிவில் யுதிஷ்டிரர் இமயத்தில் ஏறிச் செல்கிறார். துணைவியும் தம்பியரும் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தபின், ஹஸ்தினாபுரத்திலிருந்து பின்தொடர்ந்து வந்த நாய் மட்டுமே உடன் இருக்கிறது. இந்திரன் தேருடன் வந்து அழைக்கிறான். நாயை விட்டுவிட்டு வரச் சொல்கிறான். தன்னை நம்பி வந்த ஒன்றைக் கைவிட்டுவிட்டுப் பெறும் சொர்க்கம் வேண்டாம் என்று யுதிஷ்டிரர் மறுக்கிறார். அந்த நாயே தர்மதேவதை என்பது பின்னர் வெளிப்படுகிறது.

முதல் கதையில் ஒரு தாய் கேட்கிறாள். மனிதர்களிடம் பதில் இல்லை. இறுதிக் கதையில் எவரும் கேட்காமலேயே ஒரு மனிதர் பதில் சொல்கிறார். நாய்க்குட்டிகளை உலகிற்குக் கொண்டுவருபவர், இவ்விரண்டு கதைகளையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்ளத் தக்கவர். தாய் நாய் மனித மொழியில் கேட்பதில்லை. கேட்டால், 'என் குட்டி எங்கே? அது எப்படி இருக்கிறது?' என்றுதான் கேட்கும். அக்கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தவரே சரமையின் முன் நிற்கத் தகுதியுள்ளவர்.

பற்றின்மையும் பொறுப்பின்மையும்

இங்கே ஆன்மிக நாட்டமுள்ளவர்களிடமிருந்தே ஒரு மறுப்பு எழக்கூடும். 'ஒவ்வொரு ஜீவனும் தன் கர்மப்படி பிறக்கிறது, வாழ்கிறது. குட்டி எந்த வீட்டைச் சென்றடைய வேண்டும் என்பது அதன் விதி. நம் கடமையைச் செய்துவிட்டுப் பலனில் பற்று வைக்காமல் இருப்பதுதானே கீதையின் உபதேசம்?' என்று சிலர் கேட்கலாம்.

இந்த வாதத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது, பிறருடைய கர்மத்தைக் காட்டித் தன்னுடைய கர்மத்தை மறைப்பது. குட்டியின் வாழ்வு அதன் வினைப்பயன் என்றே கொண்டாலும், அதைத் தரகரிடம் ஒப்படைத்த செயல் ஒப்படைத்தவருடைய வினை. பசித்தவனுக்குச் சோறிட மறுத்துவிட்டு அவன் பசி அவன் விதி என்று சொல்பவனை சாஸ்திரம் ஞானி என்று அழைப்பதில்லை.

இரண்டாவது பிழை நுட்பமானது. பலனில் பற்றின்மை என்பது, செயலைச் செவ்வனே செய்தபின் வரும் வெற்றி தோல்விகளால், புகழ் இகழ்ச்சிகளால் நிலைகுலையாதிருப்பது. செயலின் விளைவுகள் யாரைப் பாதிக்கும் என்று முன்கூட்டி எண்ணிப் பார்க்கத் தேவையில்லை என்பது அதன் பொருள் அன்று. மருத்துவர் பற்றின்றிச் சிகிச்சை செய்யலாம். ஆனால் நோயாளியின் ஒவ்வாமையைக் கேட்காமல் மருந்து கொடுக்க முடியாது. விளைவை எண்ணிப் பார்ப்பது செயலின் ஒரு பகுதியே. குட்டிகளுக்கு வீடு தேடுவது இணை சேர்த்தல் என்ற செயலின் பலன் அன்று, அச்செயலின் முதற்பாதி. முதற்பாதியைச் செய்யாதவர் பலனைத் துறந்ததாகச் சொல்லிக்கொள்வது துறவு ஆகாது.

கீதையின் ஐந்தாம் அத்தியாயம் சமநோக்கு உடைய அறிஞரைப் பற்றிப் பேசும்போது, அவர் எவரெவரிடத்தில் ஒன்றையே காண்கிறார் என்ற வரிசையில் பசுவையும் யானையையும் சொல்லி, நாயையும் சேர்க்கிறது. இல்லறத்தாருக்குரிய ஐந்து வேள்விகளில் பூத யக்ஞமும் ஒன்று. தன் செயலால் வராத உயிர்களுக்கே அன்றாடம் ஒரு கவளம் எடுத்துவைக்கச் சொல்கிறது அந்த மரபு. அப்படியானால், தன் செயலால் வந்த உயிருக்கு எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும்?

தாய் நாய் கற்பிக்கும் பாடம்

இந்த விஷயத்தில் மனிதனுக்கு வழிகாட்ட வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. கொல்கத்தாவை அடுத்துள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தெருநாய்களின் வாழ்வைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகின்றனர். தெருவில் வாழும் தாய் நாய், குட்டி ஈனுவதற்கு மனிதர்கள் வாழும் இடத்துக்கு அருகில் உள்ள மறைவிடங்களையே பெரிதும் தேர்ந்தெடுக்கிறது என்று அவர்கள் கண்டனர். ஒரு படிக்கட்டின் அடி, ஒரு கடையின் பின்புறம், கட்டி முடிக்காத வீட்டின் மூலை. வீடு இல்லாத விலங்குகூடக் குட்டிகள் வருமுன் அவற்றுக்கு ஓர் இடத்தைத் தேடுகிறது. அந்தத் தேடலில் அது மனிதனை நம்புகிறது.

அந்த நம்பிக்கைக்கு மனிதன் தரும் பதிலையும் அதே ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். 2016-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஐந்து ஆண்டுகளில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகள் கவனிக்கப்பட்டன. இனப்பெருக்கப் பருவம் வரை பிழைத்தவை சுமார் 19 விழுக்காடு மட்டுமே. நிகழ்ந்த இறப்புகளில் ஏறத்தாழ 63 விழுக்காட்டுக்கு மனிதர்களே ஏதோ ஒரு வகையில் காரணமாக இருந்தனர். தெருவில் விடப்படும் குட்டியின் எதிர்காலம் என்ன என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. தன் வீட்டு நாய் ஈன்ற குட்டிக்கு வீடு கிடைக்காவிட்டால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணுபவர் இவற்றை நினைவில் கொள்ள வேண்டும்.

முன்னேற்பாடு என்னும் கடமை

அவ்வாறாயின், பொறுப்புள்ள வளர்ப்பாளர் செய்ய வேண்டியவை எவை?

முதலாவதாக, இணை சேர்ப்பதற்கு முன்பே குட்டிகளை ஏற்போரின் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். சினைக்காலம் ஒன்பது வாரங்கள். குட்டி தாயுடன் இருக்க வேண்டிய காலம் எட்டு வாரங்கள். ஆக, கையில் இருப்பது நான்கு மாதங்கள் மட்டுமே. பிறக்கக்கூடிய குட்டிகளின் எண்ணிக்கையைவிட அதிகமான பெயர்கள் பட்டியலில் இருப்பது நல்லது. ஏனெனில் சிலர் பின்வாங்குவது இயல்பு. சினையின் இறுதி நாட்களில் எக்ஸ்ரே மூலம் குட்டிகளின் எண்ணிக்கையைக் கால்நடை மருத்துவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார். பட்டியலை அப்போது மீண்டும் சரிபார்க்கலாம். பட்டியலே அமையவில்லை என்றால் இணை சேர்ப்பதை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்பதே முறை. பெண்ணாய் ஒரு முறையாவது தாயாக வேண்டும் என்பது மனிதனின் ஆசையே. அதன் உடல்நலத்துக்கு அது தேவையானது அன்று.

இரண்டாவதாக, ஏற்போரைத் தேர்ந்தெடுப்பதில் கூச்சம் கூடாது. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது எத்தனை விசாரிக்கிறோம்! பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? அடுக்ககத்தில் வாடகைக்கு இருந்தால் உரிமையாளரின் சம்மதம் உண்டா? பூஜை விடுமுறையில் குடும்பம் வெளியூர் செல்லும்போது நாயை யார் கவனிப்பார்கள்? வீட்டு முதியவர்களுக்கு அது உவப்பா? பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடிய ஓர் உயிரை ஏற்கிறோம் என்று வீட்டில் எல்லோரும் உணர்ந்திருக்கிறார்களா? இயன்றால் அந்த வீட்டுக்கே ஒரு முறை சென்று பார்ப்பது நல்லது. பிறந்தநாள் பரிசாக, பெறுபவருக்கே தெரியாமல் குட்டியைக் கொடுக்கக் கேட்பவருக்கு மறுத்துவிடுவதே சரி.

இனத்தின் இயல்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கைப்பேசி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில் 2003-இல் ஒரு பக் இன நாய் தோன்றியபின், இந்தியா முழுவதும் அந்த இனத்தின் மீது மோகம் பரவியது. சப்பை முகமுள்ள அந்த நாய்கள் வெப்பத்திலும் புழுக்கத்திலும் மூச்சுவிடத் திணறும் என்பதை வாங்கியவர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? பனிப்பிரதேசத்து ஹஸ்கியை வங்காளத்தின் மே மாதத்தில் வளர்க்க விரும்புபவருக்கும் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவதாக, காலத்தைக் கணக்கிட வேண்டும். கொல்கத்தாவில் ஜூன் நடுவில் இணை சேர்ந்தால் குட்டிகள் ஆகஸ்டில் பிறந்து அக்டோபரில் புதிய வீட்டுக்குச் செல்லத் தயாராகும். அதுவே துர்கா பூஜை, காளி பூஜைக் காலம். குடும்பங்கள் பயணத்தில் இருக்கும், தெருவெங்கும் வெடியோசை. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூல், மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே நாயின் மனம் உலகோடு உறவுகொள்ளும் முக்கியமான பருவம் என்று காட்டியது. அந்தப் பருவத்தில் ஏற்படும் பேரச்சம் நாயின் மனத்தில் நெடுங்காலம் தங்கிவிடக்கூடும். அதே பருவத்தில் கிடைக்கும் மென்மையான தொடுதலும் வெவ்வேறு மனிதர்களின் பழக்கமும் வாழ்நாள் முழுவதற்கும் துணையாகும்.

நான்காவதாக, எட்டு வாரங்களுக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. கடிக்கும் அளவையும் விளையாட்டின் எல்லையையும் குட்டி தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமுமே கற்கிறது. 2017-இல் மத்திய அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் இதையே வலியுறுத்துகின்றன. வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. குட்டிக்கு மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும். பதினெட்டு மாதம் நிறையாத பெண்ணாயை இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. பதிவேடுகள் முறையாக இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. சட்டம் வகுப்பது குறைந்த அளவு எல்லை. தர்மம் அந்த எல்லையிலிருந்து தொடங்குகிறது.

தென் தமிழ்நாட்டில் கன்னி இன வேட்டை நாய்களை வளர்ப்போரிடையே, குட்டியை விலைக்கு விற்காமல், நன்றாக வைத்துக்கொள்வேன் என்று வாக்களிப்பவருக்கே கொடுக்கும் வழக்கம் இருந்துவந்ததாகச் சொல்வார்கள். விலை வாங்குவது தவறு என்பது இதன் கருத்தன்று. குட்டிகளைப் பேணுவதற்குச் செலவு உண்டு, பிழைப்புக்காக இதைச் செய்வோரும் உண்டு. ஆனால் விலைக்கு முன்னால் ஒரு வாக்கு இருக்க வேண்டும் என்பதை அந்த எளிய கிராம மக்கள் அறிந்திருந்தனர். நோக்கம் உயர்ந்ததாக இருந்தாலும் பராமரிப்பில் குறை இருக்கக் கூடாது. நாட்டு நாய் இனங்களைக் காப்பதற்காகச் சென்னை சைதாப்பேட்டையில் அரசே நடத்திவந்த இனப்பெருக்கப் பிரிவை, விலங்கு நல ஆர்வலர்கள் தொடுத்த வழக்கில் 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் மூட உத்தரவிட்டது இங்கே நினைவுகூரத் தக்கது.

திரும்பி வரும் வழி

இத்தனை முன்னேற்பாட்டுக்குப் பிறகும் வாழ்க்கை தன் போக்கில் மாறும். நல்ல வீடு என்று தேர்ந்தெடுத்த இல்லத்தில் நோய் வரலாம், மரணம் நிகழலாம், தம்பதியர் வெளிநாடு செல்ல நேரலாம். ஆதலால், பட்டியல் தயாரிப்பதோடு வளர்ப்பாளரின் கடமை முடிவதில்லை. 'எந்த வயதிலும், எந்தக் காரணத்தாலும் உங்களால் வைத்துக்கொள்ள முடியாமற்போனால் என்னிடமே திருப்பித் தாருங்கள்' என்று எழுத்து மூலம் சொல்லிக் கொடுப்பதே எல்லாவற்றிலும் முக்கியமான ஏற்பாடு. இந்த ஒரு வாக்கு இருந்தால் ஒரு குட்டியும் தெருவுக்குப் போகாது.

டாலிகஞ்சின் ஆதி கங்கை எந்த ஆற்றிலிருந்து பிரிகிறதோ, அந்த ஹூக்ளியின் கரையில், நகருக்கு வடக்கே பேலூர் மடம் உள்ளது. சுவாமி விவேகானந்தர் தம் இறுதி ஆண்டுகளில் அங்கே பசு, ஆடு, வாத்து முதலியவற்றோடு பாகா என்ற நாயையும் வளர்த்தார். ஒருமுறை அது செய்த குறும்புக்காக, ஆற்றைக் கடந்து அக்கரையில் கொண்டுபோய் விடப்பட்டது. மாலையில் திரும்பும் படகில் பாகா தானாக ஏறிக்கொண்டது. இறக்கிவிட முயன்றவர்களைப் பார்த்து உறுமியது. மறுநாள் விடியலுக்கு முன் சுவாமிஜி எழுந்து வந்தபோது அது அவருடைய காலடியில் கிடந்தது. இனி அது என்ன செய்தாலும் மடத்தைவிட்டு அனுப்பக் கூடாது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

பாகாவுக்குத் திரும்பி வர ஒரு படகு கிடைத்தது. கைவிடப்படும் எல்லா நாய்களுக்கும் அது கிடைப்பதில்லை. அந்தப் படகை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைப்பதே திருப்பி ஏற்றுக்கொள்வதாகக் கொடுக்கும் வாக்கு. ஆனால் எட்டுக் குட்டிகளுக்கு அவ்வாறு வாக்களிப்பவர், தம் வீட்டில் எத்தனை நாய்களைத் திரும்ப ஏற்க இயலும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி எண்ணும்போது, எத்தனை ஈற்றுகள் என்ற கேள்விக்கும் விடை தானே கிடைத்துவிடும்.

வேண்டாம் என்பதும் கருணையே

இறுதியாக ஒரு கடினமான கேள்வி எஞ்சுகிறது. தெருவில் இத்தனை நாய்கள் வீடின்றித் திரியும்போது, புதிய குட்டிகளை வேண்டுமென்றே பிறப்பிப்பது சரியா? ஒரு நாயை அன்போடு ஏற்கக்கூடிய வீடுகள் குறைவு. அவற்றில் ஒன்றை வளர்ப்பாளர் தம் குட்டிக்காகப் பெற்றால், அந்த இடம் வேறொரு குட்டிக்குக் கிடைக்காமற் போகிறது. இதை மறுக்க முடியாது. வழிகாட்டி நாய், மோப்ப நாய் போன்ற பணிகளுக்கும் அழிந்துவரும் நாட்டு இனங்களைக் காப்பதற்கும் இனப்பெருக்கம் தேவைப்படலாம். தன் வீட்டு நாயின் சாயலில் ஒரு குட்டி வேண்டும் என்ற ஆசை அத்தகைய காரணம்தானா என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியைக் கேட்டறிய வேண்டும். குட்டி கேட்டு வருபவரிடம், 'தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்து வளர்ப்பீர்களா?' என்று முதலில் கேட்கும் வளர்ப்பாளரின் வருமானம் குறையலாம். அவருடைய அறம் குறையாது.

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை செய்தவருக்கு அச்சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. சட்டத்தின் அளவு அவ்வளவே. நம்பியதைக் கைவிட்டுச் சொர்க்கத்தையும் ஏற்க மறுத்த யுதிஷ்டிரரின் அளவு வேறு. இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை மனிதன்தான் தீர்மானிக்க வேண்டும்.

அதற்கு உரிய நேரம், குட்டி பிறந்தபின் வரும் பதற்றமான பத்தாம் வாரம் அன்று. அது வெகு முன்னதாகவே வருகிறது. வீட்டில் அமைதியாக உட்கார்ந்து, வரப்போகும் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு வாசலையும் ஒரு பெயரையும் எழுதிவைக்கும் நேரம் அது. அத்தாளில் எத்தனை வாசல்கள் எழுத முடிகிறதோ அத்தனை விருந்தினரை மட்டும் அழைப்பவர் பூத யக்ஞத்தைச் செய்தவர் ஆகிறார். ஒரு வாசலும் எழுத முடியவில்லை என்றால், அழைக்காமல் இருப்பதும் அதே வேள்வியின் ஒரு பகுதியே.